நிக்கலா, தங்கமா, ரோடியமா: பழைய ரேசருக்கு வீட்டில் முலாம் பூசும் வழிகள்

அப்பாவின் ரேசரில் முலாம் தேய்ந்திருந்தது ஒரே இடத்தில்தான்: கைப்பிடியில் கட்டைவிரல் பதியும் இடம். பல ஆண்டுகள் ஒரே கை பிடித்துப் பிடித்து வெள்ளைப் பூச்சு போய், அடியிலிருந்த பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்த்தது. இங்கிலாந்தில் செய்த ஜில்லெட் 'டெக்' அது. மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்று துண்டுகளாகக் கழன்றுவிடும். அதைப் புதுப்பிக்க இறங்கிய பிறகு, 1930இல் வெளிவந்த 'நியூ' ரகத்தில் தங்க முலாம் பூசிய ஒன்றையும், கைப்பிடியின் அடியைத் திருகினால் மேலே கதவு போலத் திறக்கும் 'சூப்பர் ஸ்பீட்' ஒன்றையும் பழைய பொருள் கடைகளிலிருந்து வாங்கினேன். இந்த மூன்றையும் வைத்துப் பழகியதில்தான் இந்த ஒப்பீடு.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். பழைய ஜில்லெட்டின் பளபளப்பைப் பார்த்துக் குரோமியம் என்று நினைப்பவர்கள் பலர். பெரும்பாலும் அது நிக்கல். குரோமியம் சற்று நீலம் கலந்த குளிர்ந்த வெள்ளை. நிக்கலில் மெல்லிய மஞ்சள் சாயல் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். அப்பாவின் ரேசரைக் குரோமியத்தால் மூடினால் அது புதிதாகத் தெரியலாம். அப்பாவின் ரேசராகத் தெரியாது. போதாததற்கு, குரோமியக் குளியலின் (பொருளை முக்கி முலாம் பூசும் கரைசல்) மரபான வடிவம் ஆறு இணைதிறன் குரோமியத்தைக் கொண்டது, புற்றுநோய் உண்டாக்குவது. வீட்டில் அதற்கு இடமே இல்லை. ஆகவே குரோமியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

அடுத்து, முலாமைத் தேர்ந்தெடுக்கும் முன்பே விடை தெரிய வேண்டிய கேள்விகள் இரண்டு. அடியில் இருப்பது பித்தளையா? துண்டுகள் முழுதாகக் கழலுமா? பழைய ஜில்லெட்டுகள் பெரும்பாலும் பித்தளை. இன்று விற்கும் பல ரேசர்களும், பிற்காலத்தில் வந்த சில பழைய மாதிரிகளும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. கண்ணில் படாத உட்புறத்தில் ஊசியால் மெல்லக் கீறிப் பாருங்கள்: மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகக் கலவை. அமிலத்தன்மை உள்ள நிக்கல் குளியலில் துத்தநாகம் குமிழ்விட்டு அரிக்கத் தொடங்கும். அதற்கு முதலில் செம்பு அடிப்பூச்சு வேண்டும். அந்தச் செம்புக் குளியல் வழக்கமாகச் சயனைடு. எனவே துத்தநாக ரேசரை வீட்டில் தொடாதீர்கள்.

முலாமே பூசாமல் விடுவது

இதையும் ஒரு போட்டியாளராகவே எண்ண வேண்டும். பழைய ரேசரில் 'முலாம் போய்விட்டது' என்று தோன்றுவதில் பாதி, இறுகிப்போன சோப்புப் படிவுதான். வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல்துலக்கி, பொறுமை ஆகிய நான்கும் போதும். நம் வீட்டில் பித்தளை என்றாலே கை புளியைத் தேடும். குத்துவிளக்குக்குப் புளி நல்லது. முலாம் தேய்ந்த ரேசரைப் புளித் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு மறந்தால், வெளியே தெரியும் பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போய் இளஞ்சிவப்புத் திட்டுகள் விழும். வினிகரும் அப்படியே.

தேய்ந்த பித்தளை சவரத்துக்கு எந்தக் குறையும் வைக்காது. சேகரிப்பாளர்களும் தேய்ந்த அசல் முலாமையே புதுப் பூச்சைவிட மேலாக மதிப்பதுண்டு. இத்தனையும் தெரிந்தும் நான் முலாம் பூசினேன். அந்த ரேசரை அப்பா வாங்கிய நாளில் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கும் ஆசைதான் காரணம்.

வினிகர் நிக்கலும் வாட்ஸ் நிக்கலும்

இணையத்தில் அதிகம் சொல்லப்படுவது வினிகர் வழி. வினிகரில் சிறிது உப்பு, இரண்டு நிக்கல் துண்டுகள், ஒரு பழைய அடாப்டர். மின்சாரம் பாய்ந்தால் நிக்கல் கரைந்து நீர் பச்சையாகும். பிறகு ஒரு துண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில், எதிர்மின்முனையில், ரேசரைத் தொங்கவிட வேண்டும். செலவு மிகக் குறைவு. என் முதல் முயற்சி இதுதான். மூடியும் அடித்தட்டும் சாம்பல் பூத்த வெள்ளையாக வெளிவந்தன. துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். மூலைகளில் பித்தளை தெரிந்துவிட்டது.

ஏன் என்பதைக் கணக்குப் போட்டால் புரியும். ஒரு சதுர டெசிமீட்டர் (100 சதுர சென்டிமீட்டர்) பரப்பில் ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால், இழப்பே இல்லாவிட்டாலும் படியும் நிக்கல் சுமார் 12 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மூடி, அடித்தட்டு இரண்டின் இருபுறப் பரப்பையும் சேர்த்து 40 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். வினிகரில் நான் கொடுத்தது 0.1 ஆம்பியர். ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் 3 மைக்ரான். அதைப் பளபளப்பாக்கத் தேய்த்தால் மிஞ்சுவது என்ன?

ஆலிவர் வாட்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1916இல் வெளியிட்ட குளியல் இன்றும் தொழிற்சாலைகளின் அடிப்படையாக இருக்கிறது. ஒரு லிட்டருக்குச் சுமார் 250 முதல் 300 கிராம் நிக்கல் சல்ஃபேட், 40 முதல் 60 கிராம் நிக்கல் குளோரைடு, 30 முதல் 45 கிராம் போரிக் அமிலம். சல்ஃபேட்டு நிக்கலைத் தருகிறது. குளோரைடு, நேர்மின்முனையில் உள்ள நிக்கல் துண்டு தடையின்றிக் கரைய உதவுகிறது. போரிக் அமிலம் ரேசரை ஒட்டிய நீரின் அமிலத்தன்மை மாறாமல் பிடித்து வைக்கிறது. வெப்பம் 50 டிகிரி செல்சியஸ் அளவில், அமிலக் குறியீடு (pH) 4 அருகே. இதில் சதுர டெசிமீட்டருக்கு 2 ஆம்பியர் கொடுக்கலாம். என் இரண்டு துண்டுகளுக்கு 0.8 ஆம்பியர், அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 12 மைக்ரான். பிளேடின் தடிமனே 100 மைக்ரான்தான் என்பதை நினைத்தால், இது கணிசமான பூச்சு. பஃப் (சுழலும் துணிச் சக்கரம்) போட்டுத் தேய்த்தும் அடியிலிருந்து மஞ்சள் எழவில்லை.

வினிகர் வழி விளையாட்டு, வாட்ஸ் வழி வேலை என்பது என் தீர்ப்பு. ஆனால் அதன் விலையையும் சொல்லியாக வேண்டும். கரையும் நிக்கல் உப்புகள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வகைப்படுத்தியிருக்கிறது. சூடான குளியலில் எழும் குமிழ்கள் உடைந்து பறக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுக்கக் கூடாது. கையுறை, கண்ணாடி, மூடி வைத்த பாத்திரம், மொட்டை மாடி. சமையலறைப் பாத்திரம் எதுவும் கிட்டே வரக் கூடாது. வினிகர் வழியிலும் இந்த ஆபத்து உண்டு, அளவு மட்டுமே குறைவு. அதில் நிக்கல் துண்டுக்குப் பதிலாக எவர்சில்வர் கரண்டியைத் தொங்கவிடலாம் என்று சிலர் சொல்லக் கேட்டால் நம்பாதீர்கள். எவர்சில்வரிலிருந்து கரைவதில் குரோமியமும் உண்டு.

பச்சை நீரைச் சாக்கடையில் ஊற்றுவது குற்றம். சலவைச் சோடா சேர்த்தால் நிக்கல் பச்சைச் சேறாகக் கீழே படியும். அதை வடிகட்டி உலர்த்தி, மூடிய புட்டியில் பெயரெழுதி வைத்து, கழிவு நீரைச் சுத்திகரிக்கும் வசதியுள்ள முலாம் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும். இதைச் செய்ய முடியாதவர் வாட்ஸ் குளியலைத் தொடங்கவே வேண்டாம்.

ஒரே இடத்தை மட்டும் தொட்டு ஆற்றுவது

கட்டைவிரல் பட்ட இடம் மட்டும்தானே தேய்ந்திருக்கிறது, அங்கே மட்டும் பூசினால் போதாதா? இதற்காகவே தூரிகை முலாம் இருக்கிறது. பேனா போன்ற முனையில் பஞ்சுத் துணி சுற்றி, கரைசலில் தோய்த்து, மின்சாரம் பாய்ச்சியபடியே தேய்ப்பார்கள். குளியலுக்கு லிட்டர் கணக்கில் கரைசல் வேண்டும். இதற்குச் சில மில்லி போதும். கழிவும் அத்தனை குறைவு. கையை ஒரு நொடி நிறுத்தினால் அந்த இடம் கருகும் என்பதைத் தவிர, கற்றுக்கொள்ளக் கடினமில்லை.

தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. பழைய நிக்கலின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உண்டு. புது நிக்கல் பித்தளையைப் பற்றிக்கொள்ளும்; அந்தப் படலத்தைப் பற்றாது. ஆக, தேய்ந்த இடத்தின் நடுவில் பூச்சு உறுதியாக நிற்க, பழையதும் புதியதும் சந்திக்கும் விளிம்பில் பொட்டுக்கடலைத் தோல் போல உரிந்துவரும். எனக்கு உரிந்தது. பட்டறைகளில் இதற்கென்று நிக்கல் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த தனிக் குளியலில் ஓர் அடிப்பூச்சு போடுவார்கள். வீட்டிலோ, உப்புத்தாளால் விளிம்பை மெல்லச் சாய்வாகத் தேய்த்து, நீர்த்த அமிலத்தில் ஒரு முக்கு முக்கி, உலரவிடாமல் உடனே பூசினால் ஓரளவு நிற்கிறது. முழுக் கைப்பிடியையும் சுரண்டிப் பித்தளையாக்கிவிட்டுப் பூசலாமே என்றால், சுரண்டும்போது கைப்பிடியின் வரிகள் மழுங்கும், தட்டின் எழுத்துகள் அழியும். போன வரியை எந்த முலாமும் திருப்பித் தராது.

ஆனால் ஓர் இடத்தில் தூரிகை வெல்கிறது. குளியலில் மின்னோட்டம் கூர்முனைகளை நோக்கியே குவியும்; பள்ளங்களுக்குக் குறைவாகவே போகும். தட்டையான விளிம்புள்ள டெக்குக்கு இது பெரிய குறையல்ல. 'நியூ' போலச் சீப்புப் பற்கள் கொண்ட ரேசரில் பல்நுனிகள் கருகித் தடித்து, இடுக்குகள் வெறுமையாக நிற்கும். மின்னோட்டத்தைத் தன் பக்கம் இழுக்க ஒரு துணைக் கம்பியைச் சுற்றி வைத்து ஓரளவு சமாளிக்கலாம். தூரிகையில் ஒவ்வோர் இடுக்கையும் கையாலேயே தேடிப் போகலாம்.

எந்த வழியிலும் பத்தில் ஒன்பது பங்கு வேலை பூசும் முன்பே முடிந்துவிடுகிறது. ஈயம் பூசுபவர்கள் பாத்திரத்தைக் காய்ச்சும் முன் எவ்வளவு நேரம் தேய்ப்பார்கள் என்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். எண்ணெய்ப் பசை போனதா என்பதற்கு ஒரே சோதனைதான்: சுத்தமான நீரில் முக்கி எடுத்தால் நீர் முழுப் பரப்பிலும் ஒரே படலமாக நிற்க வேண்டும். துளித்துளியாகப் பிரிந்தால் அங்கே பூச்சு ஒட்டாது. அதன் பிறகு விரல் படக் கூடாது. திருகு மறைகளின் மேல் நகப்பூச்சைத் தடவிவிட வேண்டும். இல்லையென்றால் மறையிலும் நிக்கல் ஏறிக் கைப்பிடி இறுகும்.

தங்கமும் ரோடியமும்

என் 'நியூ'வில் தங்கம் பாதிக்கு மேல் போயிருந்தது. யாரோ பித்தளைப் பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தங்கத்தை நேரடியாகப் பித்தளையின் மேல் பூசினால், செம்பும் துத்தநாகமும் மெல்ல ஊடுருவி மேலே வந்து நிறத்தை மங்கச் செய்யும். நடுவில் நிக்கல் தடுப்பு வேண்டும். ஆகவே தங்கத்துக்கு ஆசைப்படுபவரும் நிக்கல் வழியாகத்தான் போக வேண்டும்.

நகைப் பட்டறைகளில் புழங்கும் தங்கக் கரைசல் பெரும்பாலும் பொட்டாசியம் தங்கச் சயனைடு. நிக்கல் வேலைக்கு மேசையில் அமிலம் இருக்கும். சயனைடு கரைசலில் அமிலம் கலந்தால் உயிரைக் கொல்லும் வாயு எழும். இரண்டும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. சயனைடு இல்லாத சல்ஃபைட் கரைசலும் கிடைக்கிறது. கொஞ்சம் விலை அதிகம், புட்டியில் அதிக நாள் தாங்காது. ஆயினும் நான் வாங்கியது அதைத்தான். தூரிகையால் பூசினேன். நிறம் அழகு, ஆனால் வீட்டில் படியும் தங்கம் ஒரு மைக்ரானில் சிறு பங்கு மட்டுமே. தினமும் கையில் எடுக்கும் ரேசருக்கு அது போதாது. பெட்டியில் வைத்து விழா நாளில் எடுப்பதற்குப் போதும்.

ரோடியம் என்ற விலை உயர்ந்த வெள்ளை உலோகம் வேறு வகை. நிக்கலைவிட மிகக் கடினம், கறுக்காது, வெள்ளைத் தங்க நகைகளுக்குப் பளபளப்பு தருவதே அதுதான். நிக்கல் பட்டால் கை அரிப்பவர்களுக்கு, நிக்கலின் மேல் ரோடியம் ஒரு நல்ல திரை. கரைசலின் விலைதான் கையைக் கட்டுகிறது. சல்ஃபூரிக் அமிலம் கலந்த அந்தக் கரைசலுக்குப் பிளாட்டினம் பூசிய டைட்டானியம் மின்முனையும் வாங்க வேண்டும். ஒரே ரேசருக்காக அதை வாங்குவதில் பொருளில்லை. ரோடியம் வேண்டுமென்றால், நிக்கல் வரை வீட்டில் முடித்துவிட்டு, கடைசிப் பூச்சுக்கு நகைப் பட்டறையில் கொடுப்பதே சரி. வெள்ளியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: அழகாக இருக்கும், குளியலறையில் கறுத்துவிடும்.

பட்டறையைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. கவரிங் நகைக்கு முலாம் பூசுபவர்கள் திறமைசாலிகள். பூச்சின் தரம் நம் வீட்டு வேலையைவிட மேல். ஆனால் கொடுக்கும்போது 'பஃப் போட வேண்டாம், எழுத்து அழியக் கூடாது' என்று தாளில் எழுதியே கொடுங்கள். சொல்லாமல் கொடுத்த ஒரு மூடி எனக்குக் கண்ணாடி போல மின்னிக்கொண்டு திரும்பியது, ஜில்லெட் முத்திரை இல்லாமல்.

அப்பாவின் டெக்குக்கு இறுதியில் நின்றது வாட்ஸ் நிக்கல்தான்: முத்திரை இருக்கும் உட்பக்கத்தைத் தேய்க்காமல், வெளிப்பக்கத்தை மட்டும் பளபளப்பாக்கினேன். 'நியூ'வுக்குத் தூரிகை நிக்கல், அதன் மேல் சல்ஃபைட் தங்கம்.

சூப்பர் ஸ்பீடை இன்னும் தொடவில்லை. அதன் கதவுகளும் உள்தண்டும் கழலாதபடி பொருத்தப்பட்டவை. குளியலில் இறக்கினால் உள்ளே புகும் நிக்கல் கரைசலை முழுவதும் கழுவி எடுக்க முடியாது. தங்கியது உள்ளிருந்தே அரிக்கும். கதவின் ஓரத்தில் கால் அங்குலம் மஞ்சள் தெரிகிறது. வெந்நீரில் கழுவி, கீல்களில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வாரம் இரண்டு நாள் அதில் சவரம் செய்கிறேன்.