சென்னையில் குடியிருக்க தி.நகரா, மேற்கு மாம்பலமா?

இரண்டும் ஒரே மாம்பலம் கிராமத்திலிருந்து வந்தவைதான். நடுவே ரயில் பாதை.

கிழக்கே, இன்றைய தி.நகர் பக்கம், இருந்தது பெரிய ஏரி. 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் அதை வடித்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்து மனை பிரித்தார்கள். கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயர் ஊருக்கு (தியாகராய நகர்), நடேசன், டி.எம்.நாயர், உஸ்மான் பெயர்கள் தெருக்களுக்கு. அந்தக் கட்சியின் வரலாறே தெருப்பலகையில் இருக்கிறது. இன்று எங்கு பார்த்தாலும் கடைகள்தான். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு நடக்கவே முடியாது.

மேற்கே யாரும் திட்டம் போடவில்லை. ஊர் தானாக வளர்ந்தது. அதனால் தெருக்கள் குறுகல், கார் நிறுத்துவது பெரும்பாடு. ஆனால் காசி விஸ்வநாதர் கோயில், அயோத்தியா மண்டபம், காய்கறிக் கடை எல்லாம் நடந்துபோகும் தூரம். குடியிருக்க எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

மழைக்கு இரண்டும் தப்பாது. தி.நகர் ஏரிப்படுகை, அதன் வெள்ளம் மாம்பலம் கால்வாய் வழியே அடையாற்றுக்குப் போக வேண்டும், கால்வாய் அடைத்தால் தெருவில் நிற்கும். இரண்டையும் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதையிலும் நீர் தேங்கும். வீடு பார்ப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். தரைத்தள சுவரில் ஈரக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள்.