கம்பி எலிக்கூண்டு: மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

காவேரிப்பட்டினத்தை அடுத்த எங்கள் ஊரில், தை மாதம் கேழ்வரகு களத்திலிருந்து வீட்டுக்கு வந்தால் சுண்டெலிகளும் பின்னாலேயே வந்துவிடும். எங்களுடையது பழைய ஓட்டு வீடு. மூட்டைகள் கூடத்தின் மூலையில் அடுக்கப்பட்டிருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரே ஓர் இரவு பசை அட்டை வைத்தோம். காலையில் ஒட்டிக்கொண்டு உயிரோடு கத்திய சுண்டெலியைப் பார்த்த என் மகள் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. பசை அட்டைகளுக்கு எதிராக இந்திய விலங்குகள் நல வாரியம் 2011-லேயே அறிவுறுத்தியிருப்பதை அதன் பிறகுதான் அறிந்தேன். அந்த வாரமே சந்தையில் 180 ரூபாய் கொடுத்துக் கம்பிக் கூண்டு ஒன்றை வாங்கினேன்.

முதல் வாரம் ஏமாற்றமே. கொக்கியில் குத்திய மசால் வடை காலையில் காணாமற் போயிருக்கும், கதவு திறந்தபடியே இருக்கும். கடைகளில் கிடைக்கும் கூண்டுகள் பெரிய வீட்டெலியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இருபது கிராம் அளவே எடையுள்ள சுண்டெலி கொக்கியை அசைக்காமலே இரையைக் கொறித்துவிடுகிறது. தேங்காய்ச் சில்லை நூலால் கொக்கியோடு இறுக்கிக் கட்டிய பிறகே, அதைப் பிய்க்க எலி இழுக்க வேண்டியதாகி, கதவு விழத் தொடங்கியது. குட்டி எலிகள் கம்பி இடைவெளி வழியாக வெளியேறிவிட்டதால், உட்புறம் கொசுவலைக் கம்பியை வைத்துக் கட்டினேன். கதவு விழும் வேகத்தில் ஒன்றின் வால் நசுங்கியதைக் கண்டு, விளிம்பில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றையும் ஒட்டினேன். இவ்வளவையும் வாங்குபவரே செய்துகொள்ள வேண்டியிருப்பது இந்தப் பொருளின் பெருங்குறை.

இடையில் தகரப் பெட்டி வகையையும் வாங்கிப் பார்த்தேன். வைத்தது ஏப்ரல் மாதம். ஒரு நாள் திருமணத்துக்குப் போய் மாலையில் திரும்பியபோது உள்ளே இருந்த எலி வெப்பத்தில் செத்துக் கிடந்தது. தவறு பெட்டியினுடையது மட்டும் அன்று, பார்க்காமல் போன என்னுடையதும்தான். அன்று முதல் இரவு படுக்கும்போது வைப்பதும் விடிந்ததும் பார்ப்பதும் வழக்கமாயின. ஊருக்குப் போவதாக இருந்தால் கதவைக் கட்டிவைத்துவிடுகிறேன். இரையோடு ஒரு தக்காளித் துண்டையும் போட்டால் நீர் இல்லாமல் தவிக்காது. பிடிபட்ட கூண்டின் மேல் பழைய துணியைப் போர்த்தினால் எலி கம்பியில் மூக்கை மோதுவது நின்றுவிடுகிறது.

பிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் எனக்கும் அம்மாவுக்கும் வழக்கு. “தொட்டியில அமுக்கிடு கண்ணு, ரெண்டு நிமிஷ வேலை” என்பார். ஆனால் நன்றாக நீந்தத் தெரிந்த ஒரு பிராணியைக் கூண்டோடு மூழ்கடிப்பது, மூச்சு முட்டித் துடிக்கத் துடிக்கக் கொல்வதாகும். கொல்வதென்றே முடிவு செய்தவர், கழுத்தில் ஒரே அடியாக விழும் நல்ல விசையுள்ள அடிப்பொறியை வைப்பது இதைவிட இரக்கமானது என்பது என் எண்ணம். அம்மா ஒன்றில் மட்டும் என் பக்கம்: மூஞ்சூறு சிக்கினால் பிள்ளையாரின் வாகனம் என்று உடனே திறந்துவிடச் சொல்வார். அது பூச்சிகளைத் தின்பது, சில மணி நேரம் இரையின்றி இருந்தாலே தளர்ந்துவிடுவது என்பதால், அவர் சொல்வது வேறொரு காரணத்தாலும் சரியே.

தொடக்கத்தில் கொல்லைப்புறத்தில் விட்டுவந்தேன். மகள் கம்பி வழியாக வெளியே நீண்ட ஒரு வாலில் சிவப்பு நகப்பூச்சைத் தடவிவிட்டாள். இரண்டாம் இரவே அந்தச் சிவப்பு வால் கூண்டுக்குள் மீண்டும் இருந்தது. பிறகு ஒரு கிலோமீட்டர் தள்ளி, ஆற்றங்கரையில் புதர் அடர்ந்த இடத்தில் விட்டேன். திரும்பி வரவில்லை என்பதால் அது நன்றாக வாழ்ந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டுத் தானியத்தில் வளர்ந்த எலிக்கு அங்கே ஒளியும் இடமும் தெரியாது, ஆந்தையும் சாரைப்பாம்பும் இருக்கின்றன. வயிற்றில் முலைக்காம்புகள் தெளிவாகத் தெரியும் பெட்டை என்றால் எங்கோ வளையில் பால்குடிக் குட்டிகள் கிடக்கும். அதை மட்டும் தாமதிக்காமல் வீட்டின் அருகிலேயே விடுகிறேன். மூன்று வாரம் கழித்துக் குட்டிகளோடு சேர்த்துப் பிடிப்பதில் எனக்கு நட்டமில்லை.

எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவக்கூடும் என்பதால் கூண்டைக் கையுறையோடுதான் தூக்குகிறேன். திறக்கும்போது கதவு நம்மைப் பார்க்காமல் புதரைப் பார்த்திருக்க வேண்டும். திரும்பியதும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி வெயிலில் காயவைக்கிறேன்.

பிடிபட்ட நாள்களை நாள்காட்டியில் குறித்துவருகிறேன். முதல் ஆண்டு 37, இரண்டாம் ஆண்டு 33. கூண்டை மட்டும் நம்பியிருந்தால் இந்தக் கணக்கு இப்படியே ஓடியிருக்கும். மூன்றாம் ஆண்டுத் தையில் கேழ்வரகை மூடியுள்ள தகரப் பீப்பாய்களுக்கு மாற்றினோம். பென்சில் நுழையும் ஓட்டையே சுண்டெலிக்குப் போதும் என்பதால், சுவரடியிலும் குழாய் நுழையும் இடத்திலும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்துச் சிமெண்ட் பூசினோம். அந்த ஆண்டு பிடிபட்டவை நான்கு. கூண்டின் விசைச்சுருள் இதற்குள் துருப்பிடித்து ஒருமுறை மாற்றப்பட்டது. 20 ரூபாய் ஆனது. இப்போது அது பரணில் இருக்கிறது, கதவு கட்டப்பட்ட நிலையில்.