கோலாலம்பூரிலிருந்து லண்டன்: நேராகவா, டோஹா வழியாகவா?

தங்கை லண்டனில் இருக்கிறாள். 74 வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு தடவை போய் வந்துவிட்டேன், முதல் தடவை டோஹா வழியாக, இந்த வருடம் நேராக. வயதானவர்களோடு போகிறவர்கள் யார் கேட்டாலும் நேர் விமானம்தான் என்பேன்.

தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. நேராகப் போனால் சுமார் 10,600 கிலோமீட்டர், டோஹாவில் இறங்கி ஏறினால் 11,100 சொச்சம். வளைகுடா ஏறக்குறைய போகிற வழியிலேயே இருப்பதால், கூடுதலாக வரும் அந்தத் தூரத்தை விமானம் முக்கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடும். ஆனால் நேர் விமானம் 14 மணி நேரத்தில் போய்ச் சேருகிற இடத்துக்கு டோஹா வழியாக 17, 18 மணி நேரம் ஆகிறது, அதுவும் இடையில் காத்திருப்பது மூன்று மணி நேரத்தோடு முடிந்தால்.

விலை டோஹா வழியில்தான் குறைவு, எங்களுக்கு ஆளுக்கு 800 ரிங்கிட் மிச்சமானது. சாப்பாடு, இருக்கை எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான்.

என் முடிவை மாற்றியது வேறு விஷயம்: எந்த நேரத்தில் எழுப்பி இறக்குகிறார்கள் என்பது. கோலாலம்பூரில் இரவு 9 மணிக்கு ஏறினால் ஏழரை மணி நேரத்தில் டோஹா. அங்கே கடிகாரத்தில் இரவு 11:30, நம் உடம்புக்கோ விடிகாலை நாலரை. அம்மா அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். கால் வீங்கிப்போய் செருப்பு நுழையவில்லை, நான் கீழே உட்கார்ந்து வாரைத் தளர்த்தி மாட்டிவிட்டேன். சக்கர நாற்காலிக்காக நாற்பது நிமிடம் காத்திருந்தோம், அப்புறம் மறுபடியும் பாதுகாப்புச் சோதனை, மறுபடியும் மாத்திரைப் பையைத் திறந்து காட்டுவது. "லண்டன் வந்துடுச்சாப்பா?" என்று கேட்டார். இன்னும் ஏழு மணி நேரம் பறக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தத் தடவை பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சாப்பிட்டுவிட்டு கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறினோம், 28 நிமிடத்தில் விமான நிலையம். இரவு 11 மணி வாக்கில் விமானம் கிளம்பியது. அம்மாவுக்கு நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்கியிருந்தேன். ஆறு மணி நேரம் ஒரே தூக்கம், விழித்தபிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பின்பக்கம்வரை கைபிடித்து நடத்திக் கூட்டிப்போனேன். கோடைக்காலத்தில் லண்டன் நமக்கு 7 மணி நேரம் பின்னால், அதனால் இறங்கும்போது அங்கே காலை 6 மணிதான். எட்டரைக்குத் தங்கை வீட்டில் அம்மா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டோஹா வழியாகப் போனபோது முதல் இரண்டு நாள் அவர் படுக்கையை விட்டு எழவே இல்லை.

14 மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார முடியாதவர்களுக்கு நடுவில் இறங்குவது நல்லதாக இருக்கலாம். என் மாமா மகன் அப்படித்தான் சொல்கிறான், அவனுக்கு முப்பது வயது. பகல் நேரத்தில் டோஹாவில் மாறுகிற பயணம் எப்படி இருக்கும் என்று நான் போய்ப் பார்த்ததில்லை, இஸ்தான்புல் வழியும் அப்படியே. எங்கள் அனுபவம் இரவுப் பயணம், சாதாரண வகுப்பு, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பின்காற்று தள்ளிவிடுவதால் நேர் விமானம் 13 மணி நேரத்தில் வந்துவிடுகிறது. அப்புறம், நேராகப் போனாலும் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிடுங்கள், ஹீத்ரோவில் இறங்கிக் குடிநுழைவு வரிசைக்குப் போக நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும்.