உலக வங்கியா, சீன எக்சிமா, டாலர் பத்திரமா? இலங்கையின் கடன் கணக்கு

வெளிநாட்டுக் கடனை வட்டி விகிதத்தை மட்டும் வைத்து எடைபோடுவது பெரிய தவறு. அசலை எத்தனை தவணையில் கட்டுவது, கட்ட முடியாமல் போனால் யாரிடம் போய்ப் பேசுவது என்பதையும் பார்க்க வேண்டும். உலக வங்கி, சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம், வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு விற்கும் டாலர் கடன் பத்திரம் என மூன்று வழியிலும் வாங்கிப் பார்த்த நாடு இலங்கை.

100 கோடி டாலர் கடன் என்று வைத்துக்கொள்வோம். உலக வங்கியின் ஐடிஏ பிரிவு ஏழை நாடுகளுக்குக் கொடுத்துவந்த வழக்கமான கடனுக்கு வட்டி கிடையாது. சேவைக் கட்டணம் 0.75%. மொத்தம் 38 ஆண்டு, முதல் 6 ஆண்டு அசல் கட்ட வேண்டாம். பிறகு ஆண்டுக்கு 3.125 கோடி வீதம் அடைபடும். 2015-இல் இலங்கை 6.85% வட்டிக்கு விற்ற பத்திரத்தின் கணக்கில், வட்டியே ஆண்டுக்கு 6.85 கோடி. பத்தாண்டு முடிந்ததும் 100 கோடியையும் ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும்.

தெரிந்தும் ஏன் பத்திரத்துக்குப் போனார்கள்? 1997-இல் நடுத்தர வருமான நாடாகிவிட்டதால் சலுகைக் கடன் சுருங்கிக்கொண்டே வந்தது. தவிர, ஐடிஏ பணம் வேலை நடக்க நடக்கத்தான் வரும். நிலம் எடுப்பது இழுத்தால், டெண்டருக்கு வங்கியின் ஒப்புதல் தாமதித்தால், கையெழுத்தான கடன் அப்படியே கிடக்கும். பத்திரப் பணம் மொத்தமாக வந்து இறங்கும். எதற்குச் செலவழித்தாய் என்று கேட்பாரில்லை. பழைய பத்திரத்தை அடைக்கப் புதுப் பத்திரம் என்று ஓடியது. 2020-இல், கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்கு நாட்டுக்குத் தரும் தரக்குறியீடு சரிந்ததும் அந்தக் கதவு அடைபட்டது. 2022 ஜனவரியில் 50 கோடி டாலர் பத்திரத்தை அடைத்தார்கள். மருந்துக்கும் எரிவாயுவுக்கும் வேண்டியிருந்த டாலர் அது. ஏப்ரல் 12-இல் கடன் கட்டுவதையே நிறுத்தினார்கள்.

சீன எக்சிம் வங்கி இந்த இரண்டுக்கும் நடுவில். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் முதல் கட்டத்துக்கு 30.7 கோடி டாலர், மாறா வட்டி 6.3%. அதே வங்கி பிறகு 2% சலுகை வட்டிக்கும் கொடுத்தது. அதன் சலுகைக் கடனில் பாதிக் கொள்முதலாவது சீனாவிலிருந்து இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் முன்கூட்டியே முடிவாகிவிட்டால் வேலை வேகமாக நடக்கும். விலை நியாயமா என்று ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு டெண்டர் இருக்காது. 2017-இல் துறைமுகத்தைச் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டதில் அந்தக் கடன் கழிந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். கழியவில்லை. வந்த 112 கோடி டாலர் அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தாங்கப் போனது.

நெருக்கடியில் உலக வங்கி பழைய கடனைக் குறைக்காது, ஆனால் புதுப்பணம் தரும். 2022 டிசம்பரில் இலங்கையை மறுபடி ஐடிஏவில் சேர்த்துக்கொண்டது. சீன எக்சிமோடு தனியாகப் பேச வேண்டியிருந்தது. 2023 அக்டோபரில் முதற்கட்ட உடன்பாடு வந்தது. பத்திரக்காரர்களோடு முடிக்க 2024 டிசம்பர் ஆயிற்று. 2022 ஜூலையில் முதிரவிருந்த பத்திரத்தில் கால் பங்குக்குமேல் வைத்திருந்த ஒரு வங்கி நியூயார்க்கில் வழக்கே போட்டது. அந்தப் பத்திர வரிசையின் நிபந்தனைகளை மாற்ற 75% ஒப்புதல் தேவை. கால் பங்குக்குமேல் கையிலிருந்தால் முட்டுக்கட்டை போடலாம்.

சாலை, குடிநீர் போல ரூபாயில் வருமானம் வரும் வேலைக்கு டாலர் பத்திரம் கூடவே கூடாது. டாலர் ஈட்டும் வேலைக்கு வாங்கினாலும், அசலைக் கடைசி மூன்று ஆண்டுகளில் மூன்று தவணையாகப் பிரித்து வெளியீட்டு ஆவணத்திலேயே எழுதிவிட வேண்டும், வட்டி கொஞ்சம் கூடினாலும் சரி.