புது சிஸ்டர்கள் கவனத்துக்கு: ஒரிஜினல் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்

மருத்துவமனையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கோவையில் உள்ள தனியார் மருத்துவமனை, 150 படுக்கை. வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே பிள்ளையார், ரிசப்ஷனில் புன்னகை எல்லாம் சரியாக இருக்கும்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் வாங்கிய கையோடு இன்டர்வியூவுக்குப் போனேன். விருதுநகர் பக்கத்திலிருந்து அப்பாவும் கூட வந்திருந்தார். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடம் அவரைப் பார்த்து, "எங்க பொண்ணு மாதிரி பார்த்துக்குவோம் சார். முதல் மூணு மாசம் சீனியர் கூடவேதான் இருப்பா, தனியா விட மாட்டோம்" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். இன்றைக்கு அதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

அன்றே ஹெச்.ஆர். பையன், "வெரிஃபிகேஷனுக்கு ஒரிஜினல் எல்லாம் குடுத்துடுங்க சிஸ்டர், மூணு நாள்ல வாங்கிக்கலாம்" என்று சொல்லிப் பிளஸ் டூ மார்க் ஷீட், டிகிரி, ஆர்.என்., ஆர்.எம். என்கிற நர்ஸ், மிட்வைஃப் பதிவுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஃபைலோடு வாங்கிக்கொண்டார். ரசீது தரவில்லை, நானும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு 20 ரூபாய் பத்திரத்தில், இரண்டு வருடம் வேலையை விட மாட்டேன் என்று ஒரு பாண்டு. இடையில் விட்டால் கட்ட வேண்டிய தொகையை எழுதும் இடம் காலியாக இருந்தது. "அது சும்மா ஃபார்மாலிட்டி" என்றார். கையெழுத்துப் போட்டேன். நான்கு வருடம் படித்தவள் செய்த காரியம் இது. திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று மாத ஓரியன்டேஷன் ஒரே நாளில் முடிந்தது. காலையில் கை கழுவும் முறை பற்றி ஒரு படம், மதியம் பில்லிங் சாஃப்ட்வேர். ஐந்தாம் நாள் நைட் ட்யூட்டி போட்டார்கள். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை, மூன்றாவது மாடி வார்டு, 22 நோயாளிகள், இரண்டு ஸ்டாஃப். பதினொரு மணிக்கு ஐ.சி.யு.வில் ஆள் இல்லையென்று கூட இருந்த அக்காவையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். 22 பேருக்கு நானும் ஓர் ஆயம்மாவும். முந்தின ஷிஃப்டிடம் ஹேண்டோவர் எடுத்த பேப்பரை வைத்துக்கொண்டு எந்த பெட்டுக்கு எந்த ஆன்டிபயாடிக் என்று முழித்தேன். "பதறாத கண்ணு, ஏழாம் நம்பர் பெரியவருக்குச் சர்க்கரை இறங்கும், அவரை மட்டும் அடிக்கடி பார்த்துக்க" என்று ஆயம்மாதான் சொல்லித்தந்தார். நான் அங்கே வேலை பார்த்த ஏழு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சீனியர் அவர்தான்.

சம்பளம் 16,000 என்றார்கள். ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் 3,000, பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 120 போக 11,680 கைக்கு வந்தது. பி.எஃப். பிடித்தால் நல்லதுதானே என்றிருந்தேன். பிறகு ஒரு தோழி சொல்லி பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால், ஏழு மாதத்தில் இரண்டு மாதப் பணம்தான் கட்டியிருந்தார்கள். இதைப் போனிலேயே பார்த்துவிடலாம். முதல் சம்பளம் வந்த அடுத்த மாதமே பாருங்கள்.

சம்பளம் பற்றிக் கேட்டால் ஹெச்.ஆரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "கவர்மென்ட்லயே 2015-ல எம்.ஆர்.பி. (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலமா எடுத்த நர்ஸுக்கு 7,700 தான் குடுத்தாங்க." உண்மைதான், அப்போது தொகுப்பூதியம் அவ்வளவுதான். ஆனால் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு தனியார் நர்ஸுகளின் சம்பளத்துக்கும் அளவு சொல்லியிருக்கிறது. 50 படுக்கைக்குக் குறைந்த இடத்தில்கூட 20,000-க்குக் குறையக்கூடாது. 100 முதல் 200 படுக்கை வரை உள்ள இடத்தில் மாநில அரசு நர்ஸின் சம்பளத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. பரிந்துரைதான், காகிதத்திலேயே கிடக்கிறது. அதை ஹெச்.ஆரிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மூன்றாவது மாதம், நைட் மூன்று மணிக்கு இன்சுலின் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஊசி என் விரலில் குத்திவிட்டது. பயன்படுத்திய ஊசிகளைப் போடும் ஷார்ப்ஸ் டப்பா நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, மாற்றித்தர ஆள் இல்லை, ஊசிக்கு மூடி போடப் போனேன். மூடி போடக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நைட் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருகிட்டயாவது சொன்னியா?" என்.ஏ.பி.ஹெச். என்ற மருத்துவமனைத் தரச்சான்றுக்கான ஆய்வு வரப்போகிறதாம், இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதக்கூடாதாம். ஊசி குத்தினால் ரிப்போர்ட் எழுதுவதுதான் அந்தத் தரச்சான்றின் விதியே. தரச்சான்றுக்காக அந்த விதியையே மறைக்கச் சொல்கிற இடம் அது.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை என்று படித்திருக்கிறோம். விடியும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மருந்து கொடுத்தேன். எட்டு மணிக்கு ட்யூட்டி முடிந்ததும் நேராக அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே யாரும் திட்டவில்லை. எப்போது குத்தியது, எந்த ஊசி, ஹெபடைடிஸ் பி மூன்று டோஸும் போட்டாச்சா என்று கேட்டார்கள். காலேஜில் இரண்டு டோஸ்தான் போட்டிருந்தார்கள். மூன்றாவதை அங்கேயே போட்டு, முதல் மாத்திரையையும் கையில் கொடுத்தார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. என் மருத்துவமனையோ அந்த இன்சுலின் நோயாளிக்கு டெஸ்ட் எடுத்த 1,850 ரூபாயை என் சம்பளத்தில் பிடித்தது. ரிசல்ட் நெகட்டிவ். மாத்திரையை நிறுத்தினேன். அந்த 1,850-க்கு இன்றுவரை பில் தரவில்லை.

ஏழாவது மாதம் ராஜினாமா கொடுத்தேன். காலியாக இருந்த இடத்தில் இப்போது 50,000 என்று எழுதியிருந்தது. கட்டினால்தான் ஒரிஜினல் என்றார்கள். அழுதேன், கெஞ்சினேன், ஒன்றும் நடக்கவில்லை. காலேஜ் மேடம் ஒருவர்தான் வழி சொன்னார். சான்றிதழ் விற்கிற சரக்கு இல்லை, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தனியார் கல்லூரி வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன், தொழிலாளர் துறையில் ஒரு மனுவும் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் அவர்களே போன் செய்தார்கள். ஒரு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து ஃபைலை வாங்கிவந்தேன். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் மட்டும் தரவே இல்லை. வளைகுடாவுக்கு விண்ணப்பிக்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள், அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் ஏழு மாதம் வேலை பார்த்ததற்கே அர்த்தமில்லை. அதில் நான் தோற்றுவிட்டேன்.

இரண்டாவது வேலை தேடும்போது இன்டர்வியூவுக்கு முந்தின நாளே போய்விட்டேன். இரவு எட்டு மணிக்கு ட்யூட்டி மாறும் நேரத்தில் எதிரே இருந்த டீக்கடையில் நின்றேன். வெளியே வந்த சிஸ்டர்களிடம் மூன்று கேள்விதான் கேட்டேன்: நைட்டில் ஒரு வார்டுக்கு எத்தனை பேர், இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், தப்பு நடந்தால் இன்சார்ஜ் என்ன செய்வார். முதல் மருத்துவமனையில் இரண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தாலே போதும், ஒரு வருடத்தைத் தாண்டினவர்கள் அங்கே நாலு பேர்கூட இல்லை. இங்கே ஓர் அக்கா, "இன்சார்ஜ் பயங்கரமா திட்டுவாங்க. ஆனா டாக்டர் முன்னாடி நம்மள விட்டுக்குடுக்க மாட்டாங்க" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சேர்ந்த அன்று ஒரிஜினல் கேட்டார்கள். வயிறு கலங்கியது. மேசையில் வைத்து, ஜெராக்ஸோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு டிக் அடித்து, ஐந்து நிமிடத்தில் என் பக்கமாகவே தள்ளிவிட்டார்கள். பையில் போட்டு, அன்று முழுக்க அந்தப் பையைக் கீழே வைக்கவே இல்லை.