ஃபேரிங்கைக் கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் வண்டி வாங்காதீர்கள்

“விபத்தே இல்லை, பெரிய சர்வீஸ் எல்லாம் முடிந்துவிட்டது, ஒரே உரிமையாளர்.” பழைய ஸ்போர்ட் டூரிங் பைக்கை என் தலையில் கட்டிய வியாபாரி சொன்னவை இவை. முதல் இரண்டும் பொய். மூன்றாவதை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நெடுந்தூரம் போவதற்கென்றே வாங்கிய வண்டி, வேகம் கூடினால் இடப்பக்கம் இழுத்தது. வண்டியின் முன்னும் பக்கங்களிலும் மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறைதான் ஃபேரிங். மெக்கானிக் அதைக் கழற்றியபோது சங்கதி வெளியே வந்தது. பேனலைத் தாங்கும் பிளாஸ்டிக் காதுகள் உடைந்து, பசை வைத்து ஒட்டப்பட்டிருந்தன. ஹேண்டிலை முழுவதும் திருப்பினால் போய் முட்டி நிற்க, ஸ்டீயரிங் தலைக்குக் கீழே ஒரு தடுப்பு உண்டு. அதன் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மேலே புதிதாகக் கறுப்புப் பெயிண்ட். நகத்தால் சுரண்டினால் உரிந்து வந்தது. நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்த வண்டிக்கு அந்த இடம் இப்படி நசுங்காது என்றார் மெக்கானிக். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் ஒன்றும் வளைந்திருந்தது.

இந்த வகை வண்டியில் ஏமாற்றுவது எளிது. இன்ஜின், ரேடியேட்டர், வண்டியின் ஃபிரேம் எல்லாம் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கின்றன. பேனலை மட்டும் மாற்றிவிட்டால் வண்டி கல்யாண மாப்பிள்ளை போல நிற்கும். வாங்கும் முன்பே ஒரு பக்கத்தையாவது கழற்றிக் காட்டச் சொன்னேன். “கிளிப் உடைந்துவிடும்” என்று மறுத்துவிட்டார். உடைய அங்கே என்ன மிச்சமிருந்தது?

நான் போய்ச் சேர்ந்தபோது இன்ஜின் சூடாக இருந்தது. எனக்காக முன்பே ஓட்டி வைத்தாராம். என்ன உபசாரம்! வீட்டில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் கேம் செயின் டென்ஷனர் (இன்ஜினுக்குள் ஓடும் செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) பக்கம் சடசடவென்று சத்தம்; சூடேறியதும் அடங்கிவிடுகிறது. ஆகவே, நீங்கள் வருவதற்குள் இன்ஜினைத் தொடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம்.

சர்வீஸ் பொய் இன்னும் செலவு வைப்பது. பெரிய சர்வீஸில் முக்கியமானது, இன்ஜினுக்குள் திறந்து மூடும் வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்ப்பது. அதற்குப் பல பாகங்களைக் கழற்ற வேண்டும். கூலியே பெரிய தொகை. யமஹா எஃப்ஜேஆர் 1300 போன்ற வண்டிகளில் இது ஏறக்குறைய 42,000 கிலோமீட்டரில் வரும். அந்தக் கட்டம் நெருங்கும்போது வண்டியைத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. என் வண்டியின் வால்வு கவர் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. ‘முடிந்துவிட்டது’ என்றால் ரசீதைக் கேளுங்கள்.

டயரில் பட்டன் (தேயாத மேல்வரி) நிறைய இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. என் வண்டியில் முன் டயர் புத்தம் புதிது, பின் டயர் கிழம். அந்தப் புது முன் டயரின் காரணம் இப்போது விளங்குகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்கிறார். விளம்பரத்தில் ‘விபத்தில்லா வண்டி’ என்று அவரே போட்டிருந்த படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. புகாருடன் அதையும் மெக்கானிக்கின் அறிக்கையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வாங்கும்போது அந்த வார்த்தைகளை விற்பனை ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.