அப்பீலைக் குறைக்கும் மூன்று வழிகள்: நீதிமன்றத்துக்கு எது அதிகச் செலவு?

சிவில் அப்பீலுக்கு வரம்பு கட்டும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் சொல்லப்படும் காரணம், நீதிமன்றங்களின் சுமை குறையும் என்பதுதான். குறைகிறதா, இடம் மாறுகிறதா? சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100, 102, 100ஏ பிரிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

100-ஆவது பிரிவை 1976-இல் திருத்தினார்கள். முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் அப்பீல், அதாவது கீழ் நீதிமன்றத்தில் முதல் அப்பீலும் முடிந்த பிறகு போடும் அப்பீல். அந்தக் கேள்வியை நீதிபதியே வகுத்து எழுத வேண்டும். எது முக்கியமான கேள்வி என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் அப்பீலை அனுமதிக்கலாமா என்பதே ஒரு தனி வாதமாகிவிட்டது. கேள்வியை வகுக்காமல் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை, அந்த ஒரே காரணத்துக்காக உச்ச நீதிமன்றம் ரத்து செய்து திருப்பி அனுப்பிய வழக்குகள் ஏராளம். பாகப்பிரிவினைக்காகப் பல வருஷம் அலைந்த குடும்பம் மறுபடியும் வாய்தாவுக்கு வந்து நிற்க வேண்டும். பஞ்சாப், ஹரியானா கதை இன்னும் மோசம். அங்கும் 100-ஆவது பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் சொன்னது. இல்லை, 1918-ஆம் வருஷத்துப் பஞ்சாப் நீதிமன்றங்கள் சட்டமே செல்லும், இந்தக் கேள்வியே தேவையில்லை என்று 2016-இல் பங்கஜாக்ஷி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. எந்த விதி என்று தெளியவே 15 வருஷம்!

102-ஆவது பிரிவில் செலவே இல்லை. பண வசூல் வழக்கு 25,000 ரூபாயைத் தாண்டவில்லை என்றால் இரண்டாம் அப்பீல் கிடையாது, அவ்வளவுதான். ஆனால் கூலி வேலை செய்பவருக்கு அது பெரிய தொகை. ஏழையின் வழக்கை மட்டும் பார்த்துக் கதவடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் ஓட்டு 100ஏ பிரிவுக்கு. உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அப்பீலில் தீர்ப்பளித்துவிட்டால், அதே நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வான டிவிஷன் பெஞ்சுக்கு மறுபடி போக முடியாது. பணக்காரர், ஏழை எல்லோருக்கும் ஒரே விதி, வாதத்துக்கும் இடம் குறைவு. அப்பீலுக்கு அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றத்தில் போடும் சிறப்பு அனுமதி மனு கொஞ்சம் கூடலாம். சரி, அதைத் தாங்கலாம்.

சிவில் நடைமுறைச் சட்டத்தில் செய்த 1999, 2002 திருத்தங்களை எதிர்த்துச் சேலம் வழக்கறிஞர் சங்கம் போட்ட வழக்கில் திருத்தங்கள் நிலைத்தன. அதே வழக்கின் தொடர்ச்சியாக, புதுச் சட்டத்தால் நீதிமன்றங்களுக்கு வரும் சுமையை முன்கூட்டியே கணக்கிட வேண்டும் என்று நீதிபதி ஜெகந்நாத ராவ் தலைமையிலான குழு 2008-இல் அறிக்கை கொடுத்தது. அது வழக்கத்துக்கு வரவே இல்லை. 100-ஆவது பிரிவில் அடுத்து யார் கை வைத்தாலும், எத்தனை நீதிபதிகளின் நேரம் அதற்குப் போகும் என்பதை மசோதாவின் நிதிக் குறிப்பிலேயே எழுதியாக வேண்டும்.